தாழ்ந்த காரும் தேய்ந்த முட்டியும்

என் வீட்டுக்காரரின் அண்ணன் சென்னையில் புது வண்டி எடுத்தார். அவருடைய பழைய செடான் கார் திருப்பதிப் பக்கம் இருக்கிற வெதுருகுப்பத்துக்கு, எங்கள் வீட்டுக்கு வந்து சேர்ந்தது. அதுவரை எங்களிடம் இருந்தது ஜீப் வகையைச் சேர்ந்த உயரமான வண்டி. பின்பக்கம் பட்டை ஸ்பிரிங், ஏறுவதற்குக் கதவடியில் ஒரு படி. மாங்காய் சீசனில் கூடையும் அதில்தான் போகும், கல்யாணத்துக்குக் குடும்பமும் அதில்தான் போகும். அதை விற்றுவிட்டோம். செடானில் சத்தமில்லை, ஏசி ஜில்லென்று இருக்கிறது, மைலேஜும் கூட. வீட்டில் எல்லோருக்கும் பிடித்துவிட்டது. என் மாமியாருக்கு மட்டும் பிடிக்கவில்லை.

"கெணத்துக்குள்ள எறங்குற மாதிரி இருக்கும்மா. எறங்கிடுறேன், ஏறத்தான் முடியல" என்றார் அத்தை.

அத்தைக்கு வயது 68. சின்ன வயதிலிருந்து குத்துக்காலிட்டு மாடு கறந்தவர். வேர்க்கடலைக் கொல்லையில் நாள் முழுக்கக் குந்திக்கொண்டே களை எடுத்தவர். தோத்தாபுரி மாங்காய் சீசன் வந்தால் தோப்பிலேயே சம்மணமிட்டு உட்கார்ந்து காய் பிரித்தவர். திருப்பதியில் டாக்டர் எக்ஸ்ரேயை வெளிச்சத்தில் பிடித்துக் காட்டி, முட்டி இரண்டுமே தேய்ந்திருக்கிறது, இடதில் கொஞ்சம் ஜாஸ்தி, ஆபரேஷனுக்கு இப்போது அவசரமில்லை, உடற்பயிற்சி செய்யுங்கள் என்று சொல்லி அனுப்பினார். எங்கள் தெருவில் இது வீட்டுக்கு வீடு இருக்கிற கதைதான். 2016-ல் வெளியான ஓர் ஆய்வு ஆக்ரா, பெங்களூரு, கொல்கத்தா, டேராடூன், புனே ஆகிய ஊர்களிலும் அவற்றைச் சுற்றியும் 40 வயது தாண்டியவர்களைப் பரிசோதித்தது. 28.7 சதவீதம் பேருக்கு முட்டித் தேய்மானம் இருந்தது. பெண்களில் அது 31.6 சதவீதம்.

அதனால்தான் இதை விரிவாக எழுதுகிறேன். உயரமான வண்டியிலிருந்து தாழ்ந்த வண்டிக்கு மாறுகிற வீடுகளில் வலி எங்கிருந்து வருகிறது என்பதை யாரும் நின்று பார்ப்பதில்லை. "வயசாயிடுச்சு, எந்த வண்டின்னாலும் வலிக்கத்தான் செய்யும்" என்று முடித்துவிடுகிறார்கள். அது உண்மையில்லை.

முதலில் ஒன்றைக் கவனித்தேன். பச்சிகாபல்லம் தாண்டித் திருப்பதி போகிற வழி முழுக்க அத்தை முகத்தில் வலியே தெரியவில்லை. பழைய வண்டியில் ஒவ்வொரு வேகத்தடையிலும் மேலே தொங்கும் கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு "ஏடுகொண்டலவாடா" என்பவர், செடானில் கண்ணை மூடித் தூங்கினார். திருமலை மலைப்பாதை வளைவுகளிலும் அப்படித்தான். உயரமான வண்டி வளைவில் உடம்பை இரண்டு பக்கமும் ஆட்டும். தாழ்ந்த வண்டி தரையோடு ஒட்டிப் போகும், கழுத்தும் இடுப்பும் இறுகாது. ஓடும்போது இந்த வண்டி அத்தைக்கு நல்லதே செய்கிறது. வலி வருவது கதவைத் திறந்து உட்காருகிற அந்தச் சில விநாடிகளிலும், இறங்கி நிமிர்கிற சில விநாடிகளிலும்தான்.

பிறகு தையல் இன்ச் டேப்பை எடுத்துக்கொண்டு போய் அளந்தேன். தரையிலிருந்து முன் சீட்டின் மேல்பரப்பு செடானில் 51 சென்டிமீட்டர். பழைய வண்டியை எடுத்தவர் பக்கத்து ஊர்தான். அவரிடம் கேட்டு அதையும் அளந்தேன், 76 இருந்தது. சரி, 25 சென்டிமீட்டர் வித்தியாசம், அதுதான் காரணம் என்று நினைக்கத் தோன்றும். ஆனால் திண்ணையில் அத்தை தினமும் உட்காருகிற பிளாஸ்டிக் நாற்காலியை அளந்தால் 44தான் வருகிறது. கார் சீட்டைவிட அது தாழ்வு. அதிலிருந்து அவர் முனகாமல் எழுந்துவிடுகிறார்!

இந்த இடத்தில்தான் விஷயமே இருக்கிறது. நாற்காலியிலிருந்து ஒருவர் எழும்போது என்ன செய்கிறார் என்று பக்கத்தில் நின்று பாருங்கள். இடுப்பை விளிம்புக்கு நகர்த்துகிறார். இரண்டு பாதத்தையும் பின்னுக்கு இழுத்து முட்டிக்கு நேர் கீழே, இன்னும் கொஞ்சம் உள்ளே கூட வைக்கிறார். இரண்டு கையையும் கைப்பிடியில் ஊன்றுகிறார். தலையை முன்னே சாய்க்கிறார். உடம்பின் எடை பாதத்துக்கு மேல் வந்ததும் எழுகிறார். தாழ்ந்த காரில் இதில் எதுவுமே செய்ய முடியாது. கதவுக்கடியில் இருக்கிற தடித்த விளிம்பைத் தாண்டி, ஒரு சாணுக்கு உள்ளே தள்ளி இருக்கிறது சீட். அந்த விளிம்பு தடுப்பதால் பாதத்தை உடம்புக்கு அடியில் கொண்டுவர முடியாது. சீட்டு பின்பக்கமாகச் சரிந்திருக்கும், இடுப்பு தாழ்ந்து முட்டி மேலே நிற்கும். முன்னே சாயலாம் என்றால் கூரை தலையில் இடிக்கும். ஊன்றுவதற்கு உறுதியான கைப்பிடியும் இல்லை. கதவைப் பிடித்தால் கதவு நகரும்.

போதாததற்கு நாம் ஏறுகிற முறை. இடதுபக்க முன் கதவில் ஏறுகிறவர்கள் வலது காலை முதலில் உள்ளே வைப்பார்கள். இடது கால் வெளியே தரையில் நிற்கும். அந்த ஒற்றைக் காலில் மொத்த எடையும் இறங்கும்போது முட்டி மடங்குகிறது, மடங்கியபடியே உடம்பு திரும்புவதால் முறுக்கிக்கொள்ளவும் செய்கிறது. இறங்கும்போதும் அதே இடது கால்தான் முதலில் வெளியே வந்து எடையைத் தாங்குகிறது. அத்தைக்குத் தேய்மானம் அதிகமாக இருப்பதும் இடது முட்டியில். வலதுபக்கப் பின் கதவில் ஏறவைத்துப் பார்த்தேன். அங்கே வலது கால்தான் வெளியே நிற்கும், வலி உடனே குறைந்தது. ஆனால் வலதுபக்கம் வண்டிகள் வருகிற பக்கம். வீட்டு வாசலில் சரி, திருப்பதி பஸ் ஸ்டாண்டு பக்கமோ கடைத்தெருவிலோ அதைச் செய்யக் கூடாது.

உயரத்துக்கு மதிப்பே இல்லை என்று சொல்ல வரவில்லை. உட்கார்ந்து எழுவதைப் பற்றி அதுவரை வந்த ஆய்வுகளையெல்லாம் தொகுத்து 2002-ல் ஒரு பிசியோதெரபி இதழில் கட்டுரை வந்தது. இருக்கையை உயர்த்தினால் எழும்போது முட்டி தாங்க வேண்டிய பளு 60 சதவீதம் வரையும், இடுப்பு மூட்டு தாங்க வேண்டிய பளு 50 சதவீதம் வரையும் குறைகிறது என்கிறது அது. கைப்பிடியில் ஊன்றி எழுந்தாலே இடுப்பின் பளு பாதியாகக் குறையும் என்றும் சொல்கிறது. பாதம் இருக்கும் இடமும் முக்கியம் என்கிறது. உயரம், கை, பாதம் என்று இந்த மூன்றில் காரின் உயரத்தை நம்மால் பெரிதாக மாற்ற முடியாது. மற்ற இரண்டும் நம் கையில் இருக்கின்றன.

அத்தைக்கு நாங்கள் பழக்கியது இதுதான். அவர் வருவதற்கு முன்பே முன் சீட்டைக் கடைசிவரை பின்னால் தள்ளி, சாய்மானத்தைக் கொஞ்சம் படுக்கவைத்துவிடுவேன். அத்தை காருக்கு முதுகைக் காட்டி நிற்பார். கெண்டைக்கால் விளிம்பில் படும்வரை பின்னால் நகர்வார். வலது கை டேஷ்போர்டின் ஓரத்தில், இடது கை சீட்டின் முதுகில். தலையைக் குனித்துக்கொண்டு முதலில் உட்கார்ந்துவிடுவார். உட்கார்ந்த பிறகு இரண்டு காலையும் சேர்த்து ஒரே நேரத்தில் உள்ளே திருப்புவார். புடவை சீட்டு துணியில் பிடித்துக்கொண்டு திரும்பவிடாமல் இழுக்கும். அதற்காக வழவழப்பான பிளாஸ்டிக் தாள் ஒன்றைச் சீட்டில் போட்டு வைத்திருக்கிறேன், உட்கார்ந்ததும் அதை உருவிவிடுவேன். பிறகு சீட்டை முன்னே நகர்த்தி, சாய்மானத்தை நிமிர்த்தி, பெல்ட் போடுவது.

இறங்கும்போது இதையே திருப்பிச் செய்ய வேண்டும். இரண்டு காலும் ஒன்றாக வெளியே, இடுப்பு விளிம்புவரை முன்னே, பாதம் எவ்வளவு உள்ளே வருமோ அவ்வளவு உள்ளே, கொஞ்சம் அகட்டி. கை இரண்டும் ஊன்றி, முன்னே குனிந்து எழ வேண்டும். எழுந்ததும் உடனே நடக்காமல் காரைப் பிடித்துக்கொண்டு ஒரு மூச்சு நிற்க வேண்டும். கூட இருப்பவர்கள் கையைப் பிடித்து இழுக்கவே கூடாது. நாம் அன்பாகத்தான் இழுக்கிறோம், ஆனால் அதில் தோள் போகும், அவர்கள் தடுமாறினால் நாமும் விழுவோம். முழங்கையை அவர்கள் ஊன்றிக்கொள்ளும்படி பக்கத்தில் நின்றால் போதும். கதவுச் சட்டத்தில் பூட்டு கொளுவுகிற வளையம் இருக்கிறதல்லவா, அதில் செருகிக்கொள்ளும் தனிக் கைப்பிடியும் கிடைக்கிறது. அத்தைக்கு வாங்கினோம். இறங்கும்போது இடது உள்ளங்கைக்கு உறுதியாக ஒரு பிடி கிடைத்ததில் அவருடைய பயம் பாதி போய்விட்டது.

வண்டியை நிறுத்துகிற இடமும் சாதாரண விஷயமில்லை. எங்கள் ஊர் சிமென்ட் ரோட்டின் ஓரம் தரை கொஞ்சம் தாழ்ந்திருக்கும். காரை ரோட்டின் மேலேயே நிறுத்தி, அத்தையின் கதவு தாழ்ந்த பக்கம் இருக்கும்படி பார்த்துக்கொண்டால் அங்கே நிற்கிறவருக்குச் சீட்டு பத்து சென்டிமீட்டர் உயர்ந்துவிடும். செலவே இல்லாமல் கிடைக்கிற உயரம். இது தெரியாமல் திண்ணைப் படிக்கட்டை ஒட்டிக் கொண்டுபோய் நிறுத்துகிறோம், பெரியவர்கள் நடக்க வேண்டாமே என்று. மேடான இடத்தில் கால் நின்றால் சீட்டு அந்த அளவுக்குக் கீழே போய்விடும். நாலு அடி கூடுதலாக நடப்பதில் அத்தைக்குச் சிரமமில்லை, தாழ உட்காருவதில்தான் சிரமம். சாக்கடைப் பக்கம் மட்டும் நிறுத்தாதீர்கள், அவர்கள் காலுக்கு உறுதியான தரை வேண்டும்.

மெத்தை போட்டு உயர்த்தலாமே என்று எல்லோரும் சொல்வார்கள். இலவம்பஞ்சுத் தலையணை வேண்டாம். உட்கார்ந்ததும் அமுங்கி, எழும்போது இன்னும் பள்ளமாகிவிடும். கெட்டியான ஃபோம், பின்பக்கம் தடிப்பாகவும் முன்பக்கம் மெல்லியதாகவும் வெட்டியது நல்லது, சீட்டின் பின்சரிவை அது சமன்செய்யும். ஐந்து சென்டிமீட்டருக்கு மேல் போக வேண்டாம், அடியில் வழுக்காத துணி இருக்க வேண்டும். இதில் உயிர் சம்பந்தப்பட்ட விஷயம் ஒன்று உண்டு. சீட் பெல்ட்டின் கீழ்ப்பட்டை இடுப்பெலும்பின் மேல் படிந்திருக்க வேண்டும். உயரமான, மெத்தென்ற மெத்தையில் உட்கார்ந்தால் பெல்ட் வயிற்றுக்கு ஏறிவிடும். மோதலில் உடம்பு பெல்ட்டுக்கு அடியில் நழுவும், வயிற்றுக்குள் காயம் ஆகும். மெத்தையைப் போட்டபின் பெல்ட் எங்கே நிற்கிறது என்று கையால் தொட்டுப் பாருங்கள்.

ஓட்டுகிற எனக்கும் மாற்றம் தெரிந்தது. பழைய வண்டியில் நிமிர்ந்து உட்கார்ந்து கிளட்சை மேலிருந்து கீழே மிதிப்பேன். செடானில் கால் நீண்டு முன்னே போய்விடுகிறது, தொடைக்கடியில் தாங்கலே இல்லை, மாலையில் இடுப்பு பிடித்துக்கொள்ளும். ஓட்டுநர் சீட்டை உயர்த்தும் லீவர் இதில் இருக்கிறது. தலைக்கும் கூரைக்கும் இடையில் ஒரு கை போகும் அளவு விட்டு முழுக்க உயர்த்தினேன். கிளட்சைக் கடைசிவரை மிதித்தாலும் முட்டி லேசாக மடங்கியிருக்கும்படி சீட்டை முன்னே இழுத்தேன். அவ்வளவுதான் செய்தேன். முட்டி வலியோடு ஓட்டுகிறவர்கள் அடுத்த வண்டியில் கிளட்ச் பெடல் இல்லாததைப் பாருங்கள். 2014-ல் மாருதி செலேரியோ வந்தபிறகு சின்ன கார்களிலும் ஏஎம்டி கியர் கட்டுப்படியாகும் விலையில் கிடைக்கிறது.

எங்கள் மாமனார் காலத்து ஆட்கள் இன்றைக்கும் அம்பாசிடரைப் பற்றி ஏக்கமாகப் பேசுவார்கள். 1950-களின் கடைசியிலிருந்து 2014 வரை வந்த வண்டி. அந்த ஏக்கத்தில் நியாயம் இருக்கிறது. நாற்காலி போல நிமிர்ந்த சீட்டு, அகலமான கதவு, குனியாமல் ஏறும் கூரை. 1998-ல் இருங்காட்டுக்கோட்டை ஆலையிலிருந்து சான்ட்ரோவும், அடுத்த வருடம் வேகன் ஆரும் வந்தபோது நெட்டையாக இருக்கிறது என்று முகம் சுளித்தவர்கள் நிறைய. ஆனால் அந்த நெட்டை உடம்பில்தான் பெரியவர்கள் சிரமமில்லாமல் ஏறி இறங்கினார்கள். 2025 டிசம்பரில் மாருதி அதே வேகன் ஆருக்கு வெளிப்பக்கம் திரும்புகிற சீட்டை அறிவித்தது. முதியவர்களுக்காகவும் மாற்றுத்திறனாளிகளுக்காகவும் ஒரு பெரிய கம்பெனி இதை யோசித்திருப்பது எனக்கு மனதாரச் சந்தோஷம்.

அதற்காக, பெரிய எஸ்யூவிதான் தீர்வு என்று ஓட வேண்டாம். குள்ளமானவர்களுக்கு உயரமான வண்டியில் ஏறுவதும் முட்டிக்குக் கஷ்டம்தான். அத்தை பழைய வண்டியில் ஏறும்போது படியில் ஒற்றைக் காலை ஊன்றி உடம்பையே தூக்க வேண்டியிருந்தது. அந்த வலியை நாங்கள் யாரும் பேசியதில்லை, அவரும் சொன்னதில்லை. நின்ற நிலையில் அவரவர் புட்டத்துக்கு ஏறக்குறைய நேராக, அல்லது அதற்குச் சற்றே கீழே சீட்டு இருந்தால் இறங்கவும் வேண்டாம், ஏறவும் வேண்டாம், நகர்ந்தால் போதும். கார் வடிவமைப்பாளர்கள் உட்கார்ந்திருப்பவரின் இடுப்பு மூட்டு எங்கே வரும் என்பதைக் குறித்துக்கொண்டுதான் உள்ளே எல்லாவற்றையும் அமைக்கிறார்கள். ஹெச்-பாயின்ட் என்று அதற்குப் பெயர். ஷோரூமில் தருகிற வண்ணத் தாளில் கிரவுண்ட் கிளியரன்ஸ் போட்டிருக்கும், பூட் எத்தனை லிட்டர் என்று போட்டிருக்கும். சீட்டு தரையிலிருந்து எவ்வளவு உயரம் என்பதையும் போட வேண்டும். வயதானவர்கள் இல்லாத வீடு எது?

வைத்தியத்தைப் பற்றியும் சொல்லிவிடுகிறேன். எங்கள் பக்கத்தில் எலும்பு என்றாலே கால் தானாகக் கார்வேட்டிநகரம் வழியாகப் புத்தூருக்குத் திரும்பும். முட்டையின் வெள்ளைக்கரு, பச்சிலை, மூங்கில் பத்தை வைத்துக் கட்டுகிற புத்தூர் கட்டுக்குச் சென்னையில் தெருவுக்குத் தெரு போர்டு இருக்கிறது. தலைமுறைகளாக ஜனங்கள் நம்பிப் போவது எலும்பு முறிவுக்கு. முட்டித் தேய்மானம் முறிவு கிடையாது. அதைக் கட்டி அசையாமல் வைத்தால் தொடைத் தசை இன்னும் மெலியும், சீட்டிலிருந்து எழுவது இன்னும் கஷ்டமாகும். இதற்கு முட்டியை மடக்கி நீட்டித் தசையை வலுவாக்குவதுதான் முதல் மருந்து. திருப்பதியில் தேவஸ்தானம் நடத்தும் பர்ட் ஆஸ்பத்திரி எலும்பு மூட்டுக்கென்றே இருக்கிறது. முட்டி வீங்கிச் சூடாக இருந்தாலோ, மடக்கியது நீட்ட வராமல் சிக்கிக்கொண்டாலோ, காரைக் குறை சொல்லிக்கொண்டு நாளைக் கடத்தாமல் டாக்டரிடம் போய்விடுங்கள்.

வேலூர் சிஎம்சி பக்கம் போகிறவர்கள் ஆக்குபேஷனல் தெரபி பிரிவில் "காரில் எப்படி ஏறி இறங்குவது" என்று கேளுங்கள். அதுவும் சொல்லிக்கொடுக்கிற பாடம்தான். அங்கே மறுவாழ்வு மருத்துவத்தை வளர்த்தவர் டாக்டர் மேரி வர்கீஸ். 1954-ல் நடந்த வாகன விபத்தில் முதுகுத்தண்டு அடிபட்டு இடுப்புக்குக் கீழே செயலிழந்தவர். சக்கர நாற்காலியில் இருந்தபடியே தொழுநோயாளிகளுக்கு அறுவை சிகிச்சை செய்தார். 1966-ல் பாகாயத்தில் சிஎம்சியின் மறுவாழ்வு நிலையம் திறக்கப்பட்டது. சக்கர நாற்காலியிலிருந்து கட்டிலுக்கும் காருக்கும் மாறுவதைப் பாடமாகவே சொல்லித்தருகிறவர்கள் இருக்கும் ஊர் நமக்குப் பக்கத்தில் இருக்கிறது. முட்டி வலிக்காரர்கள் அதைப் பயன்படுத்திக்கொள்வதில்லையே என்பது என் ஆதங்கம்.

அத்தை இப்போது தினமும் திண்ணை நாற்காலியில் கையை ஊன்றாமல் எழுந்து உட்காருகிற பயிற்சியைச் செய்கிறார். முதலில் இரண்டு தலையணை போட்டு உயர்த்திய நாற்காலியில் தொடங்கினோம், பிறகு ஒரு தலையணையை எடுத்தோம். சென்னைக்குப் போனால் திருத்தணியில் கட்டாயம் நிறுத்துவேன், காபி வேண்டாம் என்றாலும் இறங்கி நாலு நடை நடக்க வேண்டும். மடக்கியே வைத்திருந்த முட்டி இறுகிப்போகும். இறங்கும் இடம் வருவதற்குக் கொஞ்சம் முன்பே உட்கார்ந்தபடி காலை நீட்டி மடக்கச் சொல்வேன், பாதத்தைச் சுழற்றச் சொல்வேன்.

செடானை மாற்றப் போவதில்லை. அத்தைக்கே இப்போது மனமில்லை. "ஓடுறப்ப நல்லா இருக்குதும்மா, எறங்குறதுக்குத்தான் நீ இருக்கியே" என்கிறார்.

புது வண்டியோ பழைய வண்டியோ, பார்க்கப் போகும்போது வீட்டில் முட்டி வலி உள்ளவரைக் கட்டாயம் கூட்டிக்கொண்டு போங்கள். அவர் எப்போதும் கட்டுகிற புடவையோடோ வேட்டியோடோ, எப்போதும் போடுகிற செருப்போடு வரட்டும். டெஸ்ட் டிரைவுக்கு முன்னால் அவரை முன்பக்கமும் பின்பக்கமும் மூன்று மூன்று தடவை ஏறி இறங்கச் சொல்லுங்கள். அந்த நேரத்தில் விலையைப் பேசாமல் அவர் முகத்தைப் பாருங்கள். கையில் ஒரு இன்ச் டேப்பும் இருக்கட்டும்.